கடிதத்தில் இல்லாத தொகை

ஒரு கோரிக்கையை மறுக்கும்போது எங்கள் காப்புறுதிக் கம்பனி இரண்டு விஷயங்களை எழுதும். ஒன்று, வாடிக்கையாளருக்குப் போகிற கடிதம். மற்றது, கணினியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போடுகிற தொகை. கடிதத்தில் என்னவும் எழுதலாம், கடைசியில் 'அன்புடன்' என்று முடித்தால் சரி. பெட்டியில் அப்படி முடியாது. இந்த ஆளுக்குக் கடைசியில் எவ்வளவு கட்டவேண்டி வரும் என்று நாங்கள் உள்ளுக்குள் நினைக்கிறோமோ, அந்தத் தொகையைத்தான் அங்கே போடவேண்டும். டெனிஷில் அதை ஹென்செட்டெல்ஸ என்பார்கள், ஒதுக்கீடு. வருட முடிவில் கணக்காய்வாளர்கள் வந்து பெட்டி பெட்டியாகத் தட்டிப் பார்ப்பார்கள். பிழையாகப் போட்டிருந்தால் போட்டவனுடைய கழுத்துக்குத்தான் வரும். ஆகவே எங்கள் கம்பனிக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை வாடிக்கையாளருக்குக் காட்டும் வழக்கம் இல்லை.

நான் றொனிஷன். ஒஃபீஸில் றொனி. வீடு கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில். வேலை செய்ய முடியாமல் போனவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் பதினொரு வருடமாகப் பார்த்து, 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கம்பனிக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஆகும்.

கிறேஸ் தேவநாயகம், வயது ஐம்பத்துநாலு, ஹேர்னிங் என்று ஒரு கோப்பு என் திரையில் வந்து விழுந்தபோது நான் கோப்பியைக் கீழே வைத்தேன். ஹேர்னிங்கில்தான் நான் வளர்ந்தேன். கிறேஸ் அன்ரி எங்கள் சபை. அவருடைய கணவர் தேவநாயகம் சபையில் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்தபடி அவர்தான். தெரிந்த ஆட்களின் கோப்பு வந்தால் வேறொருவருக்குக் கைமாற்றவேண்டும் என்பது ஒஃபீஸ் விதி. நான் மாற்றவில்லை. முதலில் நல்ல எண்ணத்தோடுதான் மாற்றவில்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

அன்ரி தலையணையும் போர்வையும் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். ஒரு நாள் துணிப்பொதி சரிந்து வலத் தோளில் விழுந்தது. தசைநார் கிழிந்துவிட்டது. இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே எழும்பவில்லை. எங்கள் காப்புறுதி அவருடைய சம்பளத்தோடு சேர்ந்தது. வேலை செய்யும் பலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டால் அறுபத்தேழு வயது வரை மாதாமாதம் நாங்கள் கட்டவேண்டும். கட்டினால் அன்ரி வீட்டில் இருக்கலாம். கட்டாவிட்டால் கொம்யூன், அதாவது ஊர் நகரசபை, அவரை 'வேலைப் பரிசோதனை' என்று ஒவ்வொரு இடமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கணவர் உழைக்கிறார் என்பதால் உதவிப்பணமும் கிடையாது.

மருத்துவப் பேப்பர்களை ஒரு வரி விடாமல் வாசித்தேன். பெட்டிக்குள் இருபத்தொரு லட்சம் குரோனர் போட்டேன். அது சரியான தொகை. எந்தக் கொம்பனும் அதைவிடச் சரியாகப் போட்டிருக்க மாட்டான்.

அந்த வசந்தத்தில் எங்கள் பிரிவில் உபதலைவர் பதவி காலியாக இருந்தது. பிரிவுத் தலைவி எங்களைக் கூப்பிட்டு, பெரிய கோப்புகளை இன்னொரு தடவை 'புதுக் கண்ணோடு' பார்க்கச் சொன்னார். புதுக் கண் என்றால் என்ன என்று கேட்பதற்கு அந்த அறையில் யாரும் குழந்தைப் பிள்ளை இல்லை.

அதே கிழமை அம்மா வட்சப்பில் ஒரு வீடியோ அனுப்பினா. "கிறேஸ் அன்ரியின்ரை சாட்சியைப் பார் மோனை. உன்ரை மனிசிக்கும் காட்டு." சபையின் ஞாயிறு ஆராதனை, யூரியூப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். அன்ரி மேடையில் நீலச் சேலையோடு நின்றார். பாஸ்டர் மைக்கைப் பிடித்திருந்தார்.

"என்ரை தோளை இயேசப்பா சுகமாக்கிப்போட்டார்," என்றார் அன்ரி. "எனக்கு நோவு இல்லை. நான் சுகமாயிட்டன்."

சபை கைதட்டியது. பாஸ்டர் அன்ரியின் மணிக்கட்டைப் பிடித்து வலக்கையை மேலே தூக்கினார். இரண்டு வினாடி இருக்கும். நான் வீடியோவை நிறுத்தி அன்ரியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய் சிரித்தது, கண் இருண்டிருந்தது. நோவை மறைக்கிற முகம் எனக்குத் தெரியும். நோவில்லாமல் நடிக்கிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம், அதிலேயே மற்றதும் பழகிவிடும்.

எங்கள் சபையில் சுகமான பிறகு சாட்சி சொல்வதில்லை. சொன்னால்தான் சுகம் வரும். அதற்கு விசுவாச அறிக்கை என்று பெயர். 'சுகமாயிட்டன்' என்று வாயால் அறிக்கையிட்டுவிட்டு, பிறகு 'நோகுது' என்றால் ஆண்டவர் கொடுத்ததை அவருடைய முகத்திலேயே திருப்பி எறிந்த மாதிரி. எனக்குப் பன்னிரண்டு வயதில் மூச்சிழுப்பு. அதே மேடையில் ஏறி, இயேசு என் இழுப்பைச் சுகமாக்கினார் என்று நானும் சொல்லியிருக்கிறேன். மூச்சுக்கு அடிக்கிற மருந்துப் பம்பை எல்லோருக்கும் முன்னால் குப்பைவாளிக்குள் போட்டேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீதியோரம் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றவனைக் கிறேஸ் அன்ரிதான் காருக்குள் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் மானம் போகக்கூடாது என்று சபையில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஆகவே அந்த வீடியோவில் என்ன நடக்கிறது என்று டென்மார்க்கில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

வீடியோவை டெனிஷில் மொழிபெயர்த்தேன். 'வாடிக்கையாளர் தாம் முழுமையாகக் குணமடைந்துவிட்டதாகவும், வலி இல்லை என்றும் பொதுவெளியில் தெரிவித்துள்ளார்.' ஒரு சொல் பிழையில்லை. பாஸ்டரின் கையைப் பற்றி எழுதவில்லை, அவர் எங்கள் வாடிக்கையாளர் அல்லவே. அன்று மத்தியானமே மறுப்புக் கடிதம் போனது. கடைசியில் 'அன்புடன்' என்றும் இருந்தது.

பிறகு ஒதுக்கீட்டைக் குறைக்கப் போனேன். குறைப்பதற்கு மருத்துவரின் கடிதத்தை இணைக்கச் சொல்லிக் கணினி கேட்டது. இதுதான் எங்கள் கம்பனியின் அழகு. ஒரு மனுசிக்கு இல்லை என்று சொல்ல ஒரு வீடியோ போதும். பெட்டியில் ஒரு குரோனரைக் குறைக்க மருத்துவர் கையெழுத்து வைக்கவேண்டும். எந்த மருத்துவர் வைப்பார்? பெட்டியை அப்படியே விட்டேன். பதவி எனக்குக் கிடைத்தது.

அன்ரி வழக்குப் போட்டார்; சபைக்கு அது பழைய விபத்துக்கான நட்டஈடு என்றுதான் தெரியும். அவருடைய வழக்கறிஞர் ஜெனுஷா. அவளும் ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்தவள், கோயிலுக்குப் போகிற சைவக் குடும்பம், முப்பத்திரண்டு வயது, கத்தி மாதிரி மூளை. எங்கள் மருத்துவர் 'வயதுத் தேய்மானமாகவும் இருக்கலாம்' என்று எழுதினார். அன்ரியின் மருத்துவர் 'இல்லை, விபத்துத்தான்' என்று எழுதினார். நடுவர்களாக இருந்த மருத்துவ நிபுணர்கள் மூன்று பக்கத்துக்கு எழுதி, ஒன்றும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்று முடித்தார்கள். வழக்கு வீடியோவில் வந்து நின்றது. எங்களுக்கு அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஜெனுஷா அந்தப் பெட்டியைக் கேட்டாள். மறுத்த நாளில் கம்பனி இந்த வழக்குக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்திருந்தது, அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு, யார் போட்டது என்று காட்டவேண்டும் என்று மனுக் கொடுத்தாள். பதினொரு வருடத்தில் அப்படி ஒரு மனுவை நான் கண்டதில்லை. எங்கள் வழக்கறிஞர் நிக்கலஸ் துள்ளிக் குதித்தான். அது உள்வீட்டு விஷயம், வியாபார இரகசியம், வெறும் கணக்குச் சடங்கு என்று ஐந்து மாதம் எழுதிக்கொண்டிருந்தான். ஜெனுஷா ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப எழுதினாள். அந்தப் பெண் குணமாகிவிட்டதாகக் கம்பனி உண்மையில் நம்பியதா, நம்பாமல் சொன்னதா என்பதுதான் வழக்கு, நம்பியது என்ன என்று அந்தத் தாளில் இருக்கிறது. நீதிபதி தாளைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

ஒரு பக்கம், மூன்று வரி. மறுப்பதற்கு முந்தைய மாதம் இருபத்தொரு லட்சம். மறுத்த நாள் இருபத்தொரு லட்சம். அடுத்த வருட முடிவில் இருபத்தொரு லட்சம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் RON என்று என் மூன்று எழுத்து.

பிரிவுத் தலைவி கதவைச் சாத்தினார். நிக்கலஸ் தாளை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினான்.

"குணமாகிவிட்டாள் என்று கடிதம் எழுதினாய்," என்றான். "அதே நாள், குணமாகவில்லை என்று இருபத்தொரு லட்சத்தை வைத்திருந்தாய். நீதிபதி இதை எப்படி எடுப்பார் என்று நினைக்கிறாய்?"

"குறைக்கக் கணினி விடவில்லை," என்றேன்.

"ஏன் விடவில்லை என்று கேட்பாள் ஜெனுஷா. மருத்துவரின் கடிதம் இல்லை என்று நீ சொல்வாய். அதைத்தான் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

தலைவி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். டெனிஷ்காரர் கோபப்பட்டால் பயப்படத் தேவையில்லை, புன்னகைத்தால்தான் பயப்படவேண்டும். "இதில் தோற்றால் அது கம்பனியின் தவறாக இருக்காது, றொனி," என்றார்.

எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பயந்துபோனேன், அதுதான் உண்மை. பயந்த மனுசனுக்கு மூளை வேலைசெய்கிற மாதிரி வேறு எவனுக்கும் வேலைசெய்யாது.

"நிக்கலஸ்," என்றேன், "நீதிமன்றத்தில் கிறேஸிடம் என்ன கேட்கப்போகிறாய்?"

"இப்போது நலமாக இருக்கிறீர்களா, கையைத் தூக்க முடியுமா, அப்படித்தான்."

"அப்படிக் கேட்காதே. நலமா என்றால் இல்லை என்பா. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டா. 'நீங்கள் சபையில் சொன்னபடி இயேசு உங்கள் தோளைச் சுகமாக்கினாரா, இல்லையா?' என்று கேள். இந்தச் சொற்களிலேயே கேள்."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதற்கு அவவால் இல்லை என்று சொல்லமுடியாது."

"பணம் போனாலுமா?"

"உயிர் போனாலும்."

நிக்கலஸ் என்னைப் பார்த்தான். அவனுடைய பார்வையில் மரியாதையும் இருந்தது, அருவருப்பும் இருந்தது. ஆனால் பேனையை எடுத்து எழுதிக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அன்று பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கிறேஸ் அன்ரியின் வழக்கு இன்ன தேதி, நீதிமன்றம் எல்லோரும் போகக்கூடிய இடம்தான், பாவம் அன்ரி தனியே நிற்கப்போகிறா, சபையால் ஆட்கள் போய்ப் பின்னால் இருந்தால் அவவுக்குப் பலமாக இருக்கும் என்றேன்.

"நல்ல யோசினை மோனை," என்றா அம்மா. "பாஸ்டருக்குச் சொல்லுறன். ஆண்டவர் உனக்கு நல்ல இருதயத்தைத் தந்திருக்கிறார்."

வழக்கு நாள் காலை நானும் நிக்கலஸும் ஹேர்னிங்குக்குக் காரில் போனோம். கம்பனியின் பிரதிநிதியாக நான் உள்ளே இருக்கவேண்டும், அந்த மூன்று எழுத்துக்கு ஒரு முகம் வேண்டுமாம். நீதிமன்ற நடைக்கூடத்தில் சபை ஆட்கள் பதினாலு பேர் நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் கோட் போட்டிருந்தார். தேவநாயகம் மாமா வேதப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். கிறேஸ் அன்ரி என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"றொனிஷன்தானே. எவ்வளவு பெரிய ஆளாயிட்டாய். அம்மா சொன்னவா, நீ அந்தக் கொம்பனியிலைதான் வேலை எண்டு. எங்கடை பிள்ளை ஒண்டு உள்ளுக்கை இருக்குது எண்டு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னனான்."

"ஓம் அன்ரி. வேலை விஷயமா வந்தனான்," என்றேன்.

ஜெனுஷா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வந்து டெனிஷில், "உனக்கு இவரைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஹேர்னிங்கில் எந்தத் தமிழனுக்கு எந்தத் தமிழனைத் தெரியாது? உனக்கு என் அம்மாவைத் தெரியாதா?"

தெரியும். அம்மாவின் கையால் எத்தனை தரம் றோல்ஸ் சாப்பிட்டிருப்பாள். உள்ளே போனாள்.

வழக்குத் தொடங்கியது. ஜெனுஷா வேறொன்றையும் தொடாமல் நேரே தாளை எடுத்து மூன்று வரிகளையும் தேதியோடு வாசித்தாள். பிறகு மறுப்புக் கடிதத்தை வாசித்தாள். பிறகு திரும்பத் தாளை வாசித்தாள். நீதிபதி ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, RON என்பது யார் என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன்.

"நலமான ஒரு பெண்ணுக்காக இவ்வளவு பணத்தை ஏன் ஒதுக்கினீர்கள்?"

"முன்னெச்சரிக்கைதான்," என்றேன். "மழை பெய்யாவிட்டாலும் குடையைக் கொண்டுபோவது மாதிரி."

"மழையே இல்லை என்று எழுத்தில் கொடுத்த அன்றும் அதே குடையா?" என்றாள் ஜெனுஷா. "ஒரு குரோனர்கூடச் சின்னதாகாத குடையா?"

நீதிபதி குனிந்து நீண்ட நேரம் எழுதினார். நிக்கலஸின் கழுத்து சிவந்துவிட்டது. அந்தக் கால் மணித்தியாலத்துக்கு அன்ரி வென்றுகொண்டிருந்தார், நான் வேலையை இழந்துகொண்டிருந்தேன். மற்ற வழக்குகளுக்கும் இனி இந்தத் தாளைக் கேட்பார்கள், எத்தனை பெட்டிகள் திறக்கும் என்றெல்லாம் மனம் ஓடியது.

பிறகு அன்ரி சாட்சிக் கதிரையில் வந்து இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். சென்னைப் பக்கத்து ஆள், கொப்பன்ஹேகனிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஜெனுஷா விபத்தைப் பற்றிக் கேட்டாள், சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேட்டாள். அன்ரி தெளிவாகச் சொன்னார். தலைமயிரைச் சீவி இழுப்பது யார் என்று கேட்டபோது மட்டும் பின்வரிசையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மகள் இழுத்துவிடுவா" என்றார். ஏன் மகள் இழுக்கவேண்டும் என்று ஜெனுஷா கேட்டபோது, "பழகிட்டுது" என்றார். ஜெனுஷா குழம்பினாள். முன்னாயத்தம் செய்த நாளில் அன்ரி அவளுடைய ஒஃபீஸில் இருந்து அழுதழுது எல்லாம் சொல்லியிருப்பார். அந்த ஒஃபீஸில் பாஸ்டர் இருக்கவில்லையே. ஜெனுஷாவுக்குத் தேர் தெரியும், பூசை தெரியும். சாட்சி தெரியாது.

நிக்கலஸ் எழுந்தான். எழுதி வைத்ததைப் பார்த்தே வாசித்தான். மொழிபெயர்ப்பாளர் திருப்பினார்.

"அம்மா, அன்னைக்கு சபையில நீங்க சொன்ன மாதிரி, இயேசு உங்க தோளை குணமாக்கினாரா, இல்லையா?"

அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அன்ரி பின்னால் திரும்பவில்லை, ஆனால் அவருடைய முதுகு அந்தப் பதினாலு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஓம் என்றால் பணம் போகும், இல்லை என்றால் ஆண்டவர் போவார் என்று நான் கட்டிக்கொடுத்த பொறி. அதற்குள் அவர் நடந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இல்லை என்று சொல்லுங்கோ அன்ரி' என்று என் மனதில் ஒரு மூலை சொன்னது. மற்ற மூலைகள் எல்லாம் 'ஓம் சொல்லு' என்று வேண்டிக்கொண்டிருந்தன.

"ஓம்," என்றார் அன்ரி.

"அன்னைக்கு நீங்க சொன்னது உண்மையா?"

"உண்மை."

நிக்கலஸ் தன் கதிரையில் இருந்தான். ஜெனுஷா பாய்ந்தெழுந்து, மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு நேரே தமிழில் கேட்டாள். "அன்ரி, இப்ப கை நோகுதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

அன்ரி அவளை ஒரு பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆண்டவர் சுகம் தந்தவர் பிள்ளை. மிச்சம் என்ரை அவிசுவாசம்."

பின்வரிசையிலிருந்து தேவநாயகம் மாமா மெல்ல, "ஆமென்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அவிசுவாசம் என்ற சொல்லில் கொஞ்சம் தடுக்கி நின்றார். பிறகு டெனிஷில் சொன்னார். "நான் குணமாகிவிட்டேன். மீதியெல்லாம் எனக்குத் தன்னம்பிக்கை குறைவு என்பதால்தான்."

நீதிபதி நிமிர்ந்தார். அன்ரி சொன்னது அதுவல்ல. நோகிறது, இன்னும் நோகிறது, நோவதற்குக் காரணம் நான் சரியாக விசுவாசிக்காததுதான் என்று அந்த மனுசி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிச் சொன்னார். நோகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஜெனுஷாவுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை, அது சபைச் சொல். அவள் மொழிபெயர்ப்பாளரையும் அன்ரியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு மொழியும் சபையும் தெரிந்து, வாய் திறக்கக்கூடிய இடத்திலும் இருந்தவன் நான் ஒருவன்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு, தீர்ப்பு எழுதமுதல் அங்கே வழக்கம்போல, நீதிபதி தன் எண்ணத்தைச் சொன்னார். கம்பனியின் ஒதுக்கீடு யோசிக்கவைத்தது உண்மைதான். ஆனால் வழக்காளியே தாம் குணமடைந்ததாக இங்கே மீண்டும் உறுதிப்படுத்திவிட்டார், மீதியைத் தன்னம்பிக்கைக் குறைவு என்கிறார். ஆகவே ஒதுக்கீட்டை வெறும் முன்னெச்சரிக்கையாகவே கொள்ளவேண்டியிருக்கும். வழக்கை மீளப்பெற்றால் கம்பனி வழக்குச் செலவு கேட்காது என்று நிக்கலஸ் பெருந்தன்மையாகச் சொன்னான். ஜெனுஷா அன்ரியோடு ஐந்து நிமிடம் குசுகுசுத்தாள். பிறகு மீளப்பெற்றாள்.

நடையில் நிக்கலஸ் என் முதுகில் தட்டிவிட்டுக் கோப்பி எடுக்கப் போனான். ஜெனுஷா கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி என்னைக் கடந்தவள், நின்று திரும்பினாள். இந்தமுறை தமிழில் கதைத்தாள்.

"அந்தக் கேள்வி ஒரு வெள்ளைக்காரன்ரை மண்டைக்குள்ளாலை வந்திராது."

நான் கோட்டின் பொத்தானைப் போட்டேன்.

"நீ அறிவாய். எல்லாம் அறிவாய். அந்த இருபத்தொரு லட்சமும் நீ அறிஞ்சுதான் போட்டனி," என்றாள். கண் கலங்கியிருந்தது. கோபத்தில்தான். அதற்குமேல் என்னோடு கதைக்க அவளுக்கு விருப்பமில்லை, போய்விட்டாள்.

நடையின் மற்றக் கோடியில் சபை ஆட்கள் வட்டமாக நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றதற்கும் நன்றி சொல்லலாம், சபையில் அதற்கும் வசனம் இருக்கிறது. அந்த வட்டத்தை விட்டுக் கிறேஸ் அன்ரி என்னிடம் வந்தார். அரை நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார்.

"தம்பி, நீ சபையிலை வளந்த பிள்ளை, உனக்குத் தெரியும். நான் ஆண்டவரை மறுதலிக்கேல்லைத்தானே?"

"இல்லை அன்ரி."

"சரியாத்தானே சொன்னனான்?"

"சரியாத்தான் சொன்னியள்."

அவர் மூச்சை விட்டார். "காசு போனால் போகட்டும். அடுத்த மாசம் கொம்யூன் திரும்ப வரச்சொல்லியிருக்கு. பழைய உடுப்புக் கடையிலை மடிச்சு அடுக்கிற வேலையாம், மேல்தட்டிலை. ஆண்டவர் ஒரு வழி பார்ப்பார்." கொஞ்சம் நின்று என் முகத்தைப் பார்த்தார். "என்னாலை உனக்கு ஒஃபீஸிலை கரைச்சல் வந்திருக்கும் என்ன? அந்தப் பிள்ளை உன்ரை பேரைச் சொல்லிச் சொல்லி வாசிச்சவள், எனக்கு மனம் கேக்கேல்லை. இனி உன்னை ஒண்டும் சொல்லமாட்டினம்தானே?"

"இல்லை அன்ரி. இனிச் சொல்லமாட்டினம்."

"அப்ப கிட்ட வா. ஜெபிச்சுவிடுறன்."

நான் கிட்டப் போய்த் தலையைக் குனிந்தேன். என் தலையில் ஒரு கை வந்து படிந்தது. உள்ளங்கை சூடாக இருந்தது, தையலூசி குத்திக் காய்த்த விரல்கள் தலைமயிருக்குள் சொரசொரத்தன. ஜெபத்தைத் தொடங்க முதல் அன்ரி என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இடக்கையாலை வைக்கிறன் எண்டு குறைநினையாதை மோனை. மற்றது ஏலாது."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவருக்கு எட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.